பெரியம்மா தட்டு

அலமாரியை ஒழிக்கிறேன் என்று பெரியவள் இறங்கிவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் உட்கார இடம் கிடைக்காது. கட்டில், நாற்காலி, இஸ்திரி மேசை என்று எல்லாவற்றின் மேலும் துணி ஏறி உட்கார்ந்துகொள்ளும். அவள் வீட்டுக்காரர் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். பெரியவள் நடுத்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள். அவளிடம் இரண்டே தீர்ப்புதான். ஒன்று, "இது இருக்கட்டும்." இன்னொன்று, "இது சின்னவளுக்கு."

கிழிந்தது, சாயம் போனது, தரை துடைக்கத்தான் ஆகும் என்று மூன்றாவதாக ஒரு குவியல் வேண்டாமா என்று கேட்காதீர்கள். அவள் வீட்டில் அப்படி ஒன்று கிடையாது. தூக்கிப் போடுவது பாவம், கொடுப்பது புண்ணியம். பொத்தான் இல்லாவிட்டால் சின்னவள் தைத்துக்கொள்வாள். கறை இருந்தால் ஊறவைத்துத் துவைத்துக்கொள்வாள்.

"இந்தப் பாவாடையில ஜிப்பே இல்லையே," என்றார் வீட்டுக்காரர், பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து.

"அவ பாத்துக்குவா. நீங்க பேப்பர படிங்க."

"படிச்சிட்டுத்தான் இருக்கேன். இல்லாட்டி நான் போட்டிருக்கிற இந்த பேன்ட்டும் சின்னவளுக்குப் போயிடும் போலிருக்கே."

சின்னவள் அவளுடைய ஒரே தங்கை. பஸ்ஸில் போனால் அரை மணி நேரத் தொலைவில், இரண்டு பெண்களோடு இருக்கிறாள். ஒரு காலத்தில் அந்த வீட்டில் கஷ்டம் இருந்தது உண்மைதான். சின்னவளின் கணவர் வேலை பார்த்த கம்பெனி மூடிப்போய், கொஞ்ச நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் பெரியவள் முதல் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். சின்னவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் பெரியவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு அந்த மனிதர் பஸ் ஓட்டும் வேலையில் சேர்ந்து, சின்னவளும் ஒரு பேக்கரியில் கேக் மேல் பூப்போடும் வேலைக்குப் போக ஆரம்பித்து, எவ்வளவோ மாறிவிட்டது. பை மட்டும் மாறவில்லை.

மாறாததற்குக் காரணமும் இருந்தது. பெரியவள் எப்போது போனாலும் அவர்கள் அவள் கொடுத்த பழசைத்தான் போட்டிருப்பார்கள். சின்னவள் முழங்கை தேய்ந்த சாம்பல் நிற ஸ்வெட்டரில். அவள் கணவர், பெரியவள் வீட்டுக்காரருடைய பழுப்புக் கோட்டில். பிள்ளைகள், பெரியவளின் மகள் போட்டுச் சலித்த கவுன்களில். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பரிதாபமாக இருக்கும். 'ஐயோ, மாத்துறதுக்கு ஒண்ணுகூட இல்லையே இதுங்களுக்கு' என்று அடுத்த தடவை இன்னும் ஒரு பை கூடும்.

பரிதாபப்பட்டதோடு நிற்கவும் இல்லை. இதைச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்லாமல் கதை நகராது. பெரியவள் ஒரு பல் மருத்துவமனையில் பதிவுப் பிரிவுக்குத் தலைவி. மதியம் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட உட்காரும்போது அவள் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் தங்கை வீட்டில்தான் வந்து நிற்கும். "என் கைய எதிர்பாத்துத்தான் அந்தக் குடும்பமே இருக்கு," என்பாள், பெருமூச்சோடு. "நாம உடுத்தினாத்தான் அவங்க உடுத்த முடியும்." கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். கேஷியர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்த உச்சுக் கொட்டலில் பெரியவளுக்குச் சாப்பாடு இன்னும் கொஞ்சம் இறங்கும்.

சின்னவளின் மூத்த பெண் சிட்டு படிப்பை முடித்ததும், பெரியம்மாதான் டாக்டரிடம் பேசி அதே மருத்துவமனையில் பதிவு மேசையில் சேர்த்துவிட்டாள். பெண் கெட்டிக்காரி. வந்த கொஞ்ச நாளிலேயே நோயாளிகள் அவள் மேசையைத் தேடிப் போனார்கள். அப்படிப்பட்டவள் இந்த வாரம் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். காய்ச்சல் என்று செய்தி வந்தது. போன் செய்தால் எடுப்பதில்லை. டாக்டர் இரண்டு தடவை கேட்டுவிட்டார், "உங்க பொண்ணு வராளா இல்லையா? இல்லன்னா வேற ஆள் போடணும், திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

பெரியவளுக்கு எரிச்சல் பொங்கியது. காய்ச்சலாவது ஒன்றாவது! பரிந்து பேசி வாங்கிக் கொடுத்த வேலை. இவள் இப்படி மூக்கை அறுத்தால் நாளைக்கு டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது? அதனால் அந்தச் சனிக்கிழமை, வழக்கமாகச் செய்கிற ஒன்றை அவள் வேண்டுமென்றே செய்யவில்லை. புறப்படும்போது எப்போதும் சின்னவளுக்குப் போன் போட்டு, "கிளம்பிட்டேன்டி," என்பாள். இந்தத் தடவை சொல்லாமல் கிளம்பினாள். காய்ச்சல்காரியைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று.

மூன்று பெரிய பைகள். பஸ்ஸில் ஏறும்போது ஒன்று கதவில் மாட்டிக்கொண்டது. இறங்கி நடக்கும்போது ஒன்றின் காது அறுந்துபோனது. வியர்க்க விறுவிறுக்க மாடியேறி மணியை அடித்தாள்.

கதவைத் திறந்தது சின்னவளின் இளைய பெண் குட்டி. ஏழு வயது. எலுமிச்சை நிறத்தில், இரண்டு பக்கமும் பை வைத்த, கடை மடிப்புக்கூட இன்னும் கலையாத ஒரு கவுன். பெரியம்மாவைப் பார்த்ததும் குழந்தையின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. பிறகு திரும்பி உள்ளே ஓடினாள்.

"அம்மா! பெரியம்மா! போனே பண்ணாம வந்துட்டாங்க!"

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது. பெரியவள் பைகளை இழுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். சின்னவள் சோபாவிலிருந்து எழுந்து நின்றாள். நீல நிறத்தில், இடுப்பில் மெல்லிய பெல்ட் வைத்த ஓர் உடை. அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. தங்கை இவ்வளவு லட்சணமானவள் என்பதே பெரியவளுக்கு மறந்துபோயிருந்தது. அவள் கணவர் வெள்ளைச் சட்டையில், கையை முழங்கை வரை மடித்துவிட்டு, டீக் கோப்பையோடு இருந்தார்.

"அடடே, எங்கயாவது கிளம்பிட்டீங்களா? கல்யாணமா?"

"இல்லக்கா... எங்கயும் இல்ல. சும்மா வீட்டுலதான்." சின்னவளின் கை தானாகப் போய் அந்த பெல்ட்டை மறைத்தது. "உக்காருக்கா. ஒரு நிமிஷம்."

உள்ளே போனாள். அவள் கணவர், "வாங்கக்கா, தண்ணி குடிங்க," என்று சொல்லிவிட்டுக் கோப்பையை வைத்துவிட்டு அவள் பின்னாலேயே போனார். குட்டியும் ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது. பெரியவள் பைகளோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஏதோ இழுபடும் சத்தம், குசுகுசுப்பு, "அதில்ல, கீழ பாரு," என்று சின்னவளின் குரல்.

வந்தார்கள். முதலில் சின்னவள், சாம்பல் நிற ஸ்வெட்டரில். பின்னால் குட்டி, பெரியவளின் மகள் எப்போதோ போட்ட பூப்போட்ட கவுனில், முதுகுப் பொத்தான் போடாமல். கடைசியாகச் சின்னவளின் கணவர், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, பழுப்புக் கோட்டில். பெரியவள் வீட்டுக்காரர் ஒல்லி. இவருக்கு நல்ல தோள். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்து, சிரித்தார்.

பெரியவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தாள்.

"இப்ப எதுக்கு எல்லாரும் மாத்திக்கிட்டு வந்தீங்க?"

சின்னவள் ஸ்வெட்டரின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். குட்டிக்கு மட்டும் இதில் என்ன சந்தேகம் என்று தோன்றியது.

"நீங்க வந்திருக்கீங்கல்ல, பெரியம்மா! நீங்க வந்தா பெரியம்மா தட்டுலேருந்துதான் போடணும். எப்பவும் நீங்க போன் பண்ணுவீங்க, நாங்க மெதுவா மாத்திப்போம். இன்னிக்கு நீங்க பண்ணல, அதான் பொத்தான் போட முடியல."

"குட்டி!" என்றாள் சின்னவள்.

"பெரியம்மா தட்டா?" என்றாள் பெரியவள்.

சின்னவள் தடுப்பதற்குள் எழுந்து அறைக்குள் போய்விட்டாள். அலமாரிக் கதவு திறந்தே கிடந்தது. மேல் பகுதியில் அவள் பார்த்தே இராத துணிகள். பளிச்சென்று, அளவாக, இடம் விட்டு மாட்டியிருந்தன. ஒவ்வொன்றும் பார்த்துப் பார்த்து வாங்கியது. கீழ்த் தட்டில் அவளுடைய உலகம் முழுக்க அடுக்கிக் கிடந்தது. அவள் சட்டை, மகளின் கவுன், வீட்டுக்காரரின் பேன்ட். துவைத்து, இஸ்திரி போட்டு, நடுவில் அந்துருண்டை போட்டு. இல்லாத பொத்தான்களுக்குப் பொத்தான் தைத்திருந்தது. ஜிப் இல்லாமல் கொடுத்ததற்கு ஜிப் வைத்திருந்தது. வருஷத்தில் சில மணி நேரம் போடுவதற்காக.

பெரியவளின் காது சூடேறியது. அவள் வரும் நாளெல்லாம் இந்த வீட்டில் வேஷம் கட்டியிருக்கிறார்கள். அவள் அதை நிஜம் என்று நம்பி, பாவம் பாவம் என்று மேலும் மேலும் கொண்டுவந்து கொட்டியிருக்கிறாள். அவள் கொட்டக் கொட்ட இவர்களும் வேஷத்தைக் கூட்டியிருக்கிறார்கள். யாராவது ஒருவர் சிரித்துத் தொலைத்திருக்கக் கூடாதா!

"நான் மாத்தல, பெரியம்மா."

அப்போதுதான் சிட்டு கண்ணில் பட்டாள். ஜன்னல் ஓரத்தில், கட்டிலில், சிவப்புச் சட்டையும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலின் அறிகுறியே இல்லை.

பெரியவளுக்கு ஒரு பிடி கிடைத்த மாதிரி இருந்தது. வெட்கத்தில் இருக்கிறவர்களுக்குக் கோபம் மாதிரி வசதி வேறு கிடையாது. "அதானே பாத்தேன்! காய்ச்சல்னு சொல்லிட்டு இங்க ராணி மாதிரி உக்காந்திருக்கியா? டாக்டர்கிட்ட நான் என்ன பதில் சொல்றது? உனக்காக நான் எவ்வளவு..."

சிட்டு எழுந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்து நடுவில் வைத்தாள். வாய் கட்டி, அவிழ்க்காமல் இருந்தது.

"இது என்னுது இல்லையே," என்றாள் பெரியவள்.

"உங்களுது இல்ல. கேஷியர் அம்மாவோடது. திங்கக்கிழம மத்தியானம், நீங்க டாக்டர் ரூம்ல இருந்தப்போ, எல்லாரும் சாப்பிட உக்காந்திருக்கும்போது கொண்டுவந்து என் டிபன் பாக்ஸ் பக்கத்துல வெச்சாங்க. 'உங்க பெரியம்மா எல்லாம் சொன்னாங்கம்மா, வெக்கப்படாம எடுத்துக்கோ'ன்னாங்க. மறுநாள் எக்ஸ்ரே எடுக்கிறவர் என் கால பாத்து அளவு கேட்டார். அவர் பொண்ணோட பழைய செருப்பு இருக்காம்." சிட்டுவின் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் பெரியவளுக்குச் சமாதானம் சொல்லவாவது ஒரு வழி கிடைத்திருக்கும். "எல்லாம் சொன்னாங்கன்னா, என்ன பெரியம்மா சொன்னீங்க?"

என்ன சொன்னாள்! ஒவ்வொரு வார்த்தையும் வரிசையாக வந்து நின்றது. கையை எதிர்பார்த்து. நாம் உடுத்தினால்தான். சாப்பாட்டு மேசையில், பெருமூச்சோடு, உச்சுக் கொட்டலுக்காக. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பெரியவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் நல்லதுக்குத்தான்..." என்று தொடங்கி, அது தன் காதுக்கே பிடிக்காமல் நிறுத்தினாள். கதவருகில் நின்ற சின்னவளைப் பார்த்தாள். "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி. நான் என்ன, அடிச்சா குடுத்தேன்?"

"சொன்னேன்க்கா," என்றாள் சின்னவள் மெதுவாக. "அவருக்கு வேலை கிடைச்ச வருஷம். 'இப்ப எங்களுக்குப் போதுங்க்கா, வேற யாருக்காவது குடு'ன்னேன். நீ 'சரி'ன்னுட்டுப் போனே. அப்புறம் ஆறு மாசம் வரவே இல்ல. போன் பண்ணா, வேலைன்னே. குட்டி பொறந்து ஆஸ்பத்திரில கெடந்தப்போகூட மாமாவத்தான் அனுப்பினே. கடைசில நான்தான் போன் பண்ணி, 'பிள்ளைங்களுக்குப் பழசு ஏதாவது இருக்காக்கா'ன்னு கேட்டேன். மறுநாளே வந்து நின்னே."

பெரியவள் அந்த ஆறு மாதத்தை வேலை அதிகமாக இருந்த ஆறு மாதம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இப்போது அன்றைக்கு வீட்டுக்காரரிடம் சொன்னது ஞாபகம் வந்தது. 'ரொம்பத்தான் பெருமை வந்துடுச்சு அவளுக்கு.' அதைச் சொன்ன தன் குரல்கூட ஞாபகம் வந்தது. தங்கை அவளை வரவழைப்பதற்காகப் பழசு கேட்டிருக்கிறாள். இவள் அதையும் ஒரு வெற்றி என்று எடுத்துக்கொண்டு, இரண்டு பையோடு ஓடி வந்திருக்கிறாள்.

"நீ வாசல்ல நிக்கும்போதே உன் கண்ணு எங்க சட்டையத்தான் பாக்கும்," என்றாள் சின்னவள். "உன்னுது போட்டிருந்தா முகம் மலர்ந்துடும். எனக்கு அக்கா வேணும். அதுக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டா என்ன கொறஞ்சுபோச்சுன்னு விட்டுட்டேன். ஆனா இவ விஷயத்துல விட முடியலக்கா. பொண்ணு அன்னிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்ல."

பெரியவளுக்கு அழுகை வந்தது. அழுதால் மறுபடி எல்லாரும் தன்னைத்தான் சமாதானப்படுத்துவார்கள் என்று தோன்றியது. அடக்கிக்கொண்டு, கைப்பையிலிருந்து போனை எடுத்து கேஷியர் அம்மாவை அழைத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"சொல்லுங்க மேடம். பொண்ணுக்கு உடம்பு தேவலையா?"

"அவளுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நீங்க குடுத்த பை... அது அவளுக்கு வேண்டாம்."

"ஏன் மேடம், அளவு சரியில்லையா?"

"அளவு சரிதான். நான் சொன்னதுதான் சரியில்ல." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "என் தங்கச்சி வீட்டுல ஒரு குறையும் இல்ல. ரெண்டு பேரும் சம்பாதிக்கிறாங்க. என்னைவிட நல்லா உடுத்துறாங்க. நான் சொன்னதெல்லாம் பொய்."

"அப்படியா! பின்ன எதுக்கு மேடம் அப்படிச் சொன்னீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று பெரியவள் எதிர்பார்க்கவில்லை. சொல்வதற்கு நாகரிகமாக ஒரு வார்த்தை தேடினாள். கிடைக்கவில்லை.

"பெருமைக்கு."

"சரி மேடம்... சரி. திங்கக்கிழம பேசிக்கலாம்," என்று கேஷியர் அம்மா அவசரமாக வைத்தார். திங்கட்கிழமைக்குள் பல் பிடுங்க வருகிறவர்களுக்குக்கூட விஷயம் தெரிந்துவிடும். கேஷியர் அம்மா அப்படி. பெரியவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் அவரைக் கூப்பிட்டாள்.

"எக்ஸ்ரேகாரருக்கு?" என்றாள் சிட்டு.

"நானே நேர்ல சொல்றேன். சாப்பாட்டு நேரத்துல. எல்லாரும் இருக்கும்போது." பிறகு, கெஞ்சுகிற குரல் தனக்கு இருப்பதே அன்றுதான் தெரிந்ததுபோல, "வேலைய மட்டும் விட்டுடாத சிட்டு. நீ நல்லா செய்யறே. அது நான் வாங்கிக் குடுத்ததுக்காக இல்ல," என்றாள்.

சிட்டு உடனே மசியவில்லை. "நீங்க சொல்லி முடிங்க. அப்புறம் வரேன்," என்றாள். அது போதும் என்றிருந்தது பெரியவளுக்கு. அதற்குக்கூடத் தனக்குத் தகுதி இல்லை என்றும் இருந்தது.

பெரியவள் அலமாரி முன்னால் உட்கார்ந்து கீழ்த் தட்டில் கை வைத்தாள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். இந்தத் தடவை உதறவில்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து பையை விரித்துப் பிடித்தாள். கொடுத்தபோது கண்ணில் படாத கறையெல்லாம் இப்போது கண்ணைக் குத்தியது. அக்குள் கிழிந்த ஒரு சட்டையை இவள் கொடுத்திருக்கிறாள். சின்னவள் அதைப் பொடித்தையலாகத் தைத்திருந்தாள். பெரியவள் அதை மடித்து யாரும் பார்க்காமல் அடியில் திணித்தாள்.

"அக்கா, தெருமுனையில பழைய துணி போடுற பெட்டி இருக்கு. நான் கொண்டுபோய்ப் போட்டுடறேன்," என்றார் சின்னவளின் கணவர். "அப்புறம்... தப்பா நெனச்சுக்காதீங்க..." கோட்டைக் கழற்றப் போனார். தோளில் மாட்டிக்கொண்டது. குட்டி ஒரு கையையும் சின்னவள் இன்னொரு கையையும் பிடித்து இழுத்தார்கள். உள்தையல் பர்ரென்று கிழிந்தது. சிட்டு சிரித்துவிட்டாள். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதரை எத்தனை வருஷம் இதற்குள் அடைத்து வைத்தேன் என்று இருந்தது.

"மன்னிச்சுக்குங்க தம்பி," என்றாள். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சே சே, என்னக்கா நீங்க," என்றார்.

கொண்டுவந்த பைகளும் தட்டிலிருந்து எடுத்தவையும் வாசலில் வரிசையாக நின்றன. பெரியவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். டீ குடிக்கச் சொன்னார்கள், முடியவில்லை. எவ்வளவு சீக்கிரம் இவர்கள் கண்ணிலிருந்து மறைவோம் என்று இருந்தது. குட்டி மட்டும் காலியான தட்டையும் பெரியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ பெரிய கணக்கு அவளுக்கு உதைத்தது.

"அப்போ இனிமே நீங்க வர மாட்டீங்களா, பெரியம்மா?"

"வருவேன்டா கண்ணு. ஏன் வராம?"

"எதுக்கு வருவீங்க?"

குழந்தை குறும்பாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிறந்ததிலிருந்து அவள் பார்த்த பெரியம்மாவுக்குக் கையில் பை இல்லாமல் ஒரு முகம் கிடையாது. பெரியவள் தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள். யோசித்துப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு, இந்தத் தங்கையைப் பார்க்க, கையில் ஒன்றும் இல்லாமல், கொடுக்க ஒன்றும் சொல்ல ஒன்றும் இல்லாமல், ஒரே ஒரு நாளாவது வந்திருக்கிறாளா?

"சும்மாதான்," என்றாள் கடைசியில். "சும்மா வருவேன்."

"சும்மாவா?" என்றாள் சின்னவள். அவள் சிரிக்கவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. நம்பலாமா என்று அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "நீயா?"

பெரியவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஒரு தடவை வாக்கா," என்றாள் சின்னவள். "பாப்போம்."